விருந்தாளிக்கு வைத்த நல்ல தண்ணீர்

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், நடந்ததில் பாதி மறந்தும் போயிற்று. சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் எங்கள் சங்கம் இருந்தது. கிராமத்து இளைஞர் மன்றங்களுக்கு உதவித்தொகை கொடுப்போம். கட்டடம் கட்ட அல்ல. பிள்ளைகள் கூடிப் பேச, மனு எழுத, ஆபீசுகளுக்குப் போய்வர. பணம் மெட்ராஸிலிருந்து வரும். நான் ஃபீல்டு ஒர்க்கர். தறிக்காரர் வீட்டுப் பெண், தெலுங்கு பேசுவேன் என்பதற்காகத்தான் வேலைக்கு எடுத்தார்கள். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டேன். பாய் விரிப்பேன், வந்தவர்கள் பெயரை எழுதுவேன்.

திருச்சுழி ரோட்டில், எங்களைப் போலத் தெலுங்கு பேசும் தறிக்காரர்கள் இருக்கும் ஒரு ஊர். அங்கே கிணறெல்லாம் உப்பு, குடிப்பதும் அதைத்தான். உலைக்கு வேண்டிய நல்ல தண்ணீருக்கு மட்டும் இரண்டு மைல் நடக்க வேண்டும். அப்படிக் குடம் தூக்கியே எட்டாம் வகுப்போடு நின்றவள் ராஜேஸ்வரி. அவளும் இருபது பிள்ளைகளும் மன்றம் வைத்து, தண்ணீருக்காகப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் போய்ப் பேச வேண்டும் என்று எங்களிடம் உதவி கேட்டு மனு எழுதியிருந்தார்கள். பணம் அனுப்பும் மெட்ராஸ் ஆபீஸ் சார் நேரில் பார்த்துவிட்டுத்தான் பணம் உண்டா இல்லையா என்று சொல்வார்.

அவர் வருவதற்கு முந்தின நாள் தப்பைச் செய்தவள் நான்தான். "பெரிய மனுசருக்கு உப்புத் தண்ணியவா குடுக்கிறது? காலையிலேயே போயி நல்ல தண்ணி எடுத்தாந்துருங்கத்தா" என்று சொல்லிவைத்தேன். அப்படியே செய்தார்கள்.

சார் வந்தார். ஒரு சொம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"தண்ணி நல்லாத்தானே இருக்கு! மனுவுல வேற மாதிரி எழுதியிருக்கீங்களே?"

ஊர்ப் பெரியவர் முந்திக்கொண்டார். "எங்க ஊருல ஒரு குறையும் இல்லீங்க. சின்னப் புள்ளைக ஏதோ எழுதிப்புட்டாக."

வந்தவர் முன்னால் ஊரின் குறையைச் சொல்வது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சார் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

எனக்கு எழுந்து பேசத் தைரியம் இல்லை. ராஜேஸ்வரி பக்கம் மெல்ல நகர்ந்து, வீட்டில் குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் கொண்டுவா என்று தெலுங்கில் சொன்னேன். ஓடினாள், கொண்டுவந்து நீட்டினாள்.

"சார், நீங்க குடிச்சது உங்களுக்காக ரெண்டு மைலு நடந்து எடுத்தாந்தது. இதுதான் நாங்க தெனமும் குடிக்கிறது."

"ஏ புள்ள, ஊரு மானத்த வாங்காத!" என்று பெரியவர் அதட்டினார்.

"ஒரு நாளு நீங்க கொடம் தூக்கிட்டு வாங்க பெரியப்பா. அப்புறம் மானத்தப் பத்திப் பேசுவோம்."

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சார் ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது. மரியாதைக்கு விழுங்கினார்.

"இவ்வளவு உப்பா! நாங்களே நல்ல கிணறு ஒண்ணு வெட்டித் தர்றோம்மா" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராஜேஸ்வரியோ வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வேணாம் சார். நீங்க வெட்டிக் குடுத்துட்டுப் போயிருவீக. நாளைக்கு ரோடு வேணும்னா யாரக் கேப்போம்? கேட்டு வாங்க நாங்க பழகணும். போயிவர பஸ்ஸுக்கும், அன்னைக்குத் தறிக்குத் தார் சுத்தாம போற கூலிக்கும் குடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கிறோம்."

சார் பேனாவை எடுத்து அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

யூனியன் ஆபீசுக்கு மூன்று தடவை போனார்கள். முதல் தடவை, "பெரியவுக யாரும் வரலையா?" என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த தடவை அதிகாரி வெளியூர் கேம்ப் போயிருந்தார். மூன்றாம் தடவை, யாரும் கூப்பிடாமலே அந்தப் பெரியவரும் பஸ் ஏறினார். அதிகாரி அவரைப் பார்த்து என்ன விஷயம் என்று கேட்டார்.

"எங்கிட்டக் கேக்காதீக. புள்ளைக பேசும், நான் தொணைக்கு வந்தேன்" என்றார் பெரியவர்.

ராஜேஸ்வரி பேசினாள். மூச்சு விடாமல் பேசினாள்.

மழைக்கு முன்னால் போர் போட லாரி வந்துவிட்டது. இரண்டு இடத்தில் உப்புதான். மூன்றாவதாக ஊருணிக் கரையில் போட்டதும் பீய்ச்சி அடித்தது நல்ல தண்ணீர். ஊரே நனைந்தது. அடுத்த வாரம் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள், மனு எழுதப் பழக அவளைத் தேடி வந்தார்கள்.

பணம் கொடுக்கப் போகிற ஊரில், நமக்கென்று எடுத்துவைத்ததைப் பார்த்து எதையும் தீர்மானிக்காதீர்கள். அவர்கள் அன்றாடம் புழங்குவதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

எந்த வருஷம், எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. ராஜேஸ்வரி இப்போது மல்லாங்கிணறு ஊரில் இருக்கிறாள். அச்சில் போடுமுன் அவளிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள். நான் எழுதியதைவிட அவள் அதிகமாகவே பேசியிருப்பாள்.