கொய்யா மரத்தில் தொங்கிய நுரையீரல்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சுங்குவார்சத்திரத்தில் என் வீட்டுக் கொய்யா மரத்தில் ஏணி சாய்த்து, மனைவியின் நுரையீரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பதற வேண்டாம். விளக்கமாகவே சொல்கிறேன்.

பிப்ரவரியில் ரெஜினாவுக்கு விடாத இருமல். சிடி ஸ்கேன் எடுத்தோம். இருமல் போய்விட்டது, ரிப்போர்ட் தங்கிவிட்டது. வலது நுரையீரலில் மங்கலாக ஒரு புள்ளி, ஏழு மில்லிமீட்டர். ‘கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே, அதுபோல’ என்றார் தண்டலத்து டாக்டரம்மா. பல சமயம் பழைய சளியின் தடம், தானே கரைந்துவிடும். சில சமயம், மிக மெதுவாக வளரும் கட்டியின் ஆரம்பம். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்...

ஆறு மாதம்! கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளையும் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிய நாளையும் எழுதி வைக்கிற ஆளிடம் இதைச் சொன்னால் சும்மா இருப்பானா? அன்றே காலண்டரில் வட்டம் போட்டேன்.

ஆகஸ்டில் இரண்டாவது ஸ்கேன், வேறொரு சென்டரில். ரிப்போர்ட்டைப் பிரித்தேன். எட்டு மில்லிமீட்டர்.

ஏழு, எட்டு... அடுத்து என்ன?

“ஒரு மில்லிக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுகினு கீறீங்க?” என்றாள் ரெஜினா. “வருஷா வருஷம் ஜாக்கெட்ட ரெண்டு இஞ்ச் பிரிச்சு வுடறேன். அத்த இன்னான்னு கேட்டீங்களா?”

சிரித்தேன். ஆனால் அன்று மாலை அவள் விரல்களில் ஜெபமாலை வழக்கத்தைவிட மெதுவாக நகர்ந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா அசரவில்லை.

“அளந்தவங்க வேற, மெஷின் வேற. இந்த ஒரு மில்லிய வெச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன் சார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும். உள்ள கெட்டியா எதுனா வந்திருந்தா, ஆபரேஷன் பத்திப் பேசணும். பழைய டிஸ்க் எங்க?”

பெருமையோடு ஃபைலை நீட்டினேன். ரிப்போர்ட், பில், ஃபிலிம்... எல்லாம் தேதி வாரியாக.

“ஃபிலிம்ல கொஞ்சம் படம்தான் சார். முழுசா இருக்கறது டிஸ்க்லதான்.”

ரெஜினாவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

“கிளித் தொல்ல தாங்கல டாக்டர்...” என்றாள்.

எங்கள் லேப்டாப்பில் டிஸ்க் போட வழியே கிடையாது. ஓடாத டிஸ்க்குக்கு எங்கள் தெருவில் ஒரே வேலைதான் — மரத்தில் தொங்கி, வெயிலில் பளபளத்து, பறவைகளை விரட்டுவது. பழைய சென்டருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். ‘கம்ப்யூட்டர் மாத்திட்டோம் சார், பழசு இல்ல’ என்று பதில் வந்தது.

அதனால்தான் ஏணி.

மரத்தில் இரண்டு டிஸ்க்குகள். ஒன்று நுரையீரல், மற்றது பேரனின் ஞானஸ்நானம். இரண்டிலும் மார்க்கரில் தேதி எழுதியிருந்தேன். மழை கழுவிவிட்டிருந்தது.

“ரெண்டையும் எடுங்க. கீறல் படாம எடுங்க, அது எம் மூச்சுங்க!” என்று கீழிருந்து குரல்.

சோப்பு போட்டுக் கழுவி, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, கன்டெய்னர் லாரிகளுக்கும் கம்பெனி பஸ்களுக்கும் நடுவே ஊர்ந்து தண்டலம் போய்ச் சேர்ந்தோம்.

முதல் டிஸ்க்கைப் போட்டார். திரையில் என் பேரன், தலையில் தண்ணீர் விழ, வீறிட்டு அலறினான்.

“நுரையீரல் நல்லாவே வேல செய்யுது” என்றார் டாக்டரம்மா.

இரண்டாவது சுற்றியது, முனகியது, நின்றுவிட்டது. துடைத்து மறுபடி போட்டார். மறுபடி முனகல். ரெஜினா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மில்லியைக் கேலி செய்தவள்...

திரை மெல்லச் சாம்பல் நிறமானது. விலா எலும்புகள் வந்தன. பிறகு நுரையீரல்.

பழசை ஒரு பக்கமும் புதுசை ஒரு பக்கமும் வைத்து, டாக்டரம்மா மௌஸை முன்னும் பின்னும் உருட்டினார். இரண்டையும் அவரே அளந்தார். நாங்கள் மூச்சு விடவில்லை.

“அதே இடம், அதே அளவு, அதே மங்கல். உள்ள கெட்டியா ஒண்ணும் இல்ல. வளரல. அடுத்த வருஷம் வாங்க.”

“அப்போ அது போவாதா டாக்டர்?”

“போகாமலே இருந்தாலும் இருக்கும். இருந்துட்டுப் போகட்டும்மா. நாம ஒரு கண்ணு வெச்சுக்கலாம்.”

“எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான். இத்தினி வருஷமா வளரவும் இல்ல, போவவும் இல்ல. ஒரு கண்ணு வெச்சுகினுதான் கீறேன்” என்றாள் ரெஜினா. பழைய கேலிக் குரல் திரும்பிவிட்டது.

வெளியே வந்து டீ குடித்தோம். ஏழுக்கு அடுத்து எட்டு, எட்டென்றால் வளர்ச்சி — என் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அளந்த கை மாறியதை ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணா வந்து சொல்லும்? குறித்து வைப்பது வேறு, பார்ப்பது வேறு போலிருக்கிறது. இந்த வருஷக் காலண்டரில் அடுத்த ஆகஸ்டுக்கு இடமில்லை. கடைசித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

பழையதும் புதியதுமாக இரண்டு நுரையீரல் டிஸ்க்குகளும் இப்போது பீரோவுக்குள், பூட்டுப் போட்டு. கொய்யா மரத்தை ஞானஸ்நான டிஸ்க்கில் இருக்கும் பேரன் ஒருவன்தான் காவல் காக்கிறான்... கிளிகள் திரும்பி வந்துவிட்டன.