பெரிய டாக்டருக்கு டவர் இல்லை

என் ஓரகத்தியின் தங்கைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷ வேலை. அங்கே அவளுக்கு வைத்த பெயர் முன்கதை. வைத்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவள் பிறந்த வீட்டு வழக்கமே அப்படி. வாசலில் யார் என்று கேட்டால், வந்தவருடைய பெரியப்பாவின் இரண்டாம் கல்யாணத்தில் தொடங்கி, ஒரு பாகப்பிரிவினையையும் தாண்டித்தான் வாசலுக்கு வருவார்கள். அதற்குள் வந்தவர் போயிருப்பார்.

சலவைக்கூடத்துத் தலைவர் ஓய்வு பெற்றதும், ஒரு மாதம் இவளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். சரிப்பட்டால் பதவி இவளுக்கே. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். வேலையில் இவளை அசைக்க முடியாது. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சிக்கலெல்லாம் காலை எட்டரை மணிக் கூட்டத்தில்தான். பெரிய டாக்டர் அறையில் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு கேள்வி. நின்ற இடத்திலேயே பதில் சொல்ல வேண்டும்.

முதல் வாரம், "குழந்தை வார்டுக்கு ஏன் விரிப்பு வரல?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"ஐயா, அந்தப் பெரிய மெஷின் இருக்குல்ல, அது வந்தப்ப நான் கைக்குழந்தைக்காரி. அதை மாட்டினவரு..."

மாட்டியவரின் மச்சான் கதைக்குள் வருவதற்குள் டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "அடுத்தது யாரு?"

வெளியே வந்ததும் மேட்ரன் அம்மா பிடித்துக்கொண்டார். "நீ பதில் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நோயாளியே குணமாகி வீட்டுக்குப் போயிடுவான். இப்படியே இருந்தா உனக்காக நான் பேச முடியாது, பாத்துக்கோ."

மதியம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு துணி மடித்தாள். அப்போது புருஷனிடமிருந்து போன் வந்தது. அவர் லாரி டிரைவர். சின்னவளுக்குக் காய்ச்சல் எப்படி என்று கேட்டார்.

"விட்டுருச்சு. ஊசி போட்டாங்க. திங்கக்கிழமை பள்ளிக்கூடம் போவா. சரி, நீங்க வேளைக்குச் சாப்பிட்டீங்களா?"

லைன் கட்டாகிவிட்டது. இஸ்திரி போடுகிறவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, உன் வாயில இருந்தா இது வந்துச்சு?"

"அவரு மலைப்பாதையில போறாருடி. டவர் கிடைக்காது. முக்கியமானதை முதல்ல சொல்லலேன்னா, காய்ச்சல்னு சொன்ன இடத்துல கட்டாயிடும். மனுஷன் பதறிப்போவாரு."

"அப்ப பெரிய டாக்டருக்கும் டவர் இல்லைன்னு நெனச்சுக்கோ!"

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் அதை விடவில்லை. தினமும் கூட்டத்துக்குப் போகிற வழியில் முணுமுணுத்துப் பார்த்தாள்: இருக்கா இல்லையா, ஏன், எப்போ சரியாகும். நாலு நாள் தடுமாறினாள். ஒரு நாள் மெஷினின் வரலாறு பாதி வெளியே வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாதக் கடைசியில் துணி உலர்த்தும் மெஷின் ஒன்று படுத்துவிட்டது. அன்றைக்கென்று ஐந்து ஆபரேஷன். டாக்டர் கேட்டார், "தியேட்டருக்குத் துணி இருக்கா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மூணு ஆபரேஷனுக்கு இருக்கு. மீதி ரெண்டுக்கு பதினோரு மணிக்கு வரும். ஒரு மெஷின் நின்னுபோச்சு, மெக்கானிக் பிரிச்சுப் போட்டிருக்காரு. அவசரமானதை முதல்ல வச்சுக்குங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். புருஷனிடம் பேசிப் பேசி வந்த வாய்ப் பழக்கம். "சரி, நீங்க வேளைக்குச் சாப்பிட்டீங்களா?"

மேட்ரன் அம்மா கூரையைப் பார்த்தார்.

"இன்னும் இல்லம்மா," என்றார் பெரிய டாக்டர். பிறகுதான் அறையே சிரித்தது.

பதினோரு மணிக்குத் துணி தயாராகவில்லை. இவளே தியேட்டருக்குப் போன் போட்டாள். "இருபது நிமிஷம் தாமதம். மெஷின் ஓடுது. நானே எடுத்துட்டு வர்றேன்."

துணி வண்டியைத் தியேட்டர் வாசலில் விட்டுத் திரும்பும்போது மேட்ரன் அம்மா ஒரு தாளோடு நின்றிருந்தார்.

"வெளியாளு வேண்டாம்னு எழுதியாச்சு. இதுல கையெழுத்துப் போடு. ஏன், எப்படின்னு என்னைக் கேக்காதே, எனக்கு வார்டுல வேலை இருக்கு."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கினாள்.