இடது கை ரைஃபிள்

கல்லூரியில் தேசிய மாணவர் படையில் இருந்தபோது மூன்று முறை சுட்டிருக்கிறேன். மணல் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, பாயிண்ட் டூ டூ ரைஃபிளால், முறைக்கு ஐந்து குண்டு. பிறகு கல்யாணம், கும்மிடிப்பூண்டியில் வேலை. பதினெட்டு வருஷமாக வலது கண்ணில் லென்ஸை வைத்து உதிரிபாகங்களில் கீறல் தேடுகிறேன். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் யாரோடும் பேசத் தோன்றாது. மீஞ்சூரில் இறங்கி வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான். குறி பார்க்கும்போது மூச்சு நிற்கும் அந்த ஒரு கணம் மட்டும் திரும்ப வேண்டும்போல் இருந்தது.

கணவரிடம் சொன்னேன்.

"துப்பாக்கியா? தோள் வலிக்குதுன்னு தெனம் தைலம் தேச்சிக்கினு படுக்குற. இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

என்றாலும் ஞாயிற்றுக்கிழமை சென்னைக்கு அவரும் வந்தார். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: "பாயிண்ட் டூ டூன்னா லைசென்ஸ் வேணும் மேடம். போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ்னு அலையணும். பழகுறதுக்கு ஏர் ரைஃபிள் போதும்."

மலிவான ஏர் ரைஃபிளில் ஒவ்வொரு தடவையும் குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்க வேண்டும். நான்காவது தடவை என் தோள் பிடித்துக்கொண்டது. காற்று சிலிண்டர் வைத்ததை மடக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் விலை எங்களுக்கு எட்டாது. ரயிலில் வரும்போதே ஆசையை விட்டுவிட்டேன்.

கணவர் விடவில்லை. எங்கெங்கோ விசாரித்து, அடுத்த வாரம் திருவள்ளூர் பக்கம் ஒரு பயிற்சிக் கூடத்துக்கு பைக்கில் கூட்டிப்போனார். நடத்துகிற அம்மா ஒரு பழைய சிலிண்டர் ரைஃபிளை எடுத்து வைத்தார்.

"இடது கைக்காரங்களுக்குச் செஞ்சது. யாரும் கேக்கல, அதான் கம்மி வெல. இதுல இடது கண்ணாலதான் குறி பாக்கணும். உங்களுக்கு எந்தக் கண்ணு நல்லா தெரியுது?"

எனக்குத் தெரியவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிரே இருந்த குறி அட்டையைப் பார்த்தேன். கறுப்பு வட்டம் கரைந்து இரண்டாகத் தெரிந்தது. வலது கண்ணைப் பொத்தினேன். ஒரே வட்டம், தெளிவாக.

"எத்தினி நாளா இப்டி?" என்றார் கணவர்.

"தெரியலீங்க."

அந்த ரைஃபிளையே வாங்கினோம். அன்று பத்துக் குண்டில் இரண்டுதான் அட்டையில் பட்டது. இடது கன்னத்தைக் கட்டையில் அழுத்துவது வேறு யாருடைய முகத்தையோ கடன் வாங்கியது போலிருந்தது.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, லென்ஸ் வேலை இனி வேண்டாம் என்றார். மூன்று நாள் தள்ளிப்போட்டேன். எத்தனை கீறலைத் தவறவிட்டிருப்பேன் என்ற நினைப்பு உறுத்தியதால் நான்காம் நாள் சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேக்கிங்குக்கு மாற்றினார். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். இப்போது வலி காலில்.

ஞாயிறுதோறும் திருவள்ளூர் போகிறோம். கணவர் வெளியே டீ குடித்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார். போன வாரம் பத்தில் ஆறு குண்டு கறுப்புக்குள் விழுந்தது. அட்டையை அவரிடம் காட்டினேன்.

"மீதி நாலு எங்க போச்சு?" என்றார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு ஊர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தேன்.