பந்து விழும் பள்ளத்தில் மதலேனா

2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து மைதானத்தில் பெண்களின் கரப்பந்தாட்டத்துக்கு விசில் ஊதியாயிற்று. எல்லாரும் பந்தைப் பார்த்திருக்க, மதலேனா மட்டும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, நண்டைப் போலப் பக்கவாட்டாகப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"அந்த அக்கா வெளையாட்டுப் பாக்கலையா?" என்று கேட்டாள் நிலக்ஷனா. பதுளை டவுனில் வளர்ந்து, விளையாட்டு உத்தியோகத்தராகப் புதிதாக நியமனம் பெற்று வந்தவள்.

"அவங்கதான் மிஸ் எங்க ஏழாவது ஆளு," என்றாள் அணித்தலைவி விஜயலெட்சுமி.

அந்த மலையில் சமதரை அந்த ஒரு துண்டுதான். கீழ்விளிம்பைத் தாண்டிய பந்து, தேயிலைச் செடிகளுக்கிடையே உருண்டு, தண்ணீர் ஓடும் கான்களைத் துள்ளிக் கடந்து, ஆற்றில் போய்த்தான் நிற்கும். இருப்பதோ ஒரே பந்து. பள்ளத்தில் ஆளில்லாவிட்டால் ஆட்டமில்லை.

கோயிலில் பூசை முடிந்ததும் பழைய இறப்பர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மதலேனா வந்துவிடுவார். ஆட்டத்தை அவர் பார்ப்பதில்லை, கேட்பார். "'சபாஷ்'னா மேலயே நின்னுருச்சு. 'ஐயோ'ன்னா எனக்கு வருது." பிடித்த பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டு, இரு கைகளாலும் செடிகளைப் பற்றி ஏறி வருவார். காலமெல்லாம் கொழுந்து சுமந்த வலது முழங்கால் 'டக், டக்' என்று சத்தமிடும். "அது பேசிக்கிட்டே கெடக்கும். நா பதில் சொல்றதில்ல."

அந்த மாதம் நிலக்ஷனாவின் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. உடற்தகுதி வாரம், காலை ஆறு மணிக்குத் தோட்டத்துப் பெண்களைத் திரட்டி உடற்பயிற்சி செய்விக்க வேண்டும், படமும் அனுப்ப வேண்டும். ஒருவரும் இணங்கவில்லை.

"காலையில நாங்க கை கால ஆட்டிக்கிட்டு நின்னா, ரொட்டி சுடுறது யாரு மிஸ்? பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறது யாரு?" என்று மதலேனா சிரித்தார். நிலக்ஷனாவின் முகம் வாடியதைக் கண்டதும் குரல் தணிந்தது. "சரி, சாயந்தரம் கொழுந்து நிறுத்ததும் கூட்டியாறேன். நீங்க ஒண்ணு செய்யுங்க. அந்த ஓரத்துல பந்து கீழ போகாம ஒரு வலை கட்டித் தாங்க. என் முட்டி போச்சுன்னா இந்தப் பொண்ணுகளோட ஆட்டமும் போச்சு."

"கட்டாயம் செஞ்சு தாறேன்க்கா."

சொன்னபடியே மதலேனா பெண்களைக் கூட்டி வந்தார். வெற்றுக் கூடைகளை வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் நின்ற இடத்திலேயே நடந்தார்கள். "நாள் பூரா மலை ஏறி எறங்குனவளுக்கு நடக்கச் சொல்லிக் குடுக்குறாங்கடி!" என்று விஜயலெட்சுமி கத்த, வரிசையே குலைந்து சிரித்தது. அந்தச் சிரிப்போடு எடுத்த படத்துக்கு மேலிடத்தில் பாராட்டுக் கிடைத்தது.

வலை கேட்டு நிலக்ஷனா மேலிடத்துக்கு எழுதினாள், மீண்டும் எழுதினாள், நேரில் போயும் கேட்டாள். கடைசியில் வந்தவை, நின்ற இடத்திலேயே நடக்கும் இயந்திரங்கள் இரண்டு. அவற்றையும் பஸார் ஓரத்தில் நட்டுவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் வழியில் மதலேனா ஒன்றில் ஏறிப் பார்த்தாராம். "நல்லா நடந்தேன் மிஸ். ஒரு எடத்துக்கும் போய்ச் சேரல." வலை என்னாயிற்று என்று அப்போதும் அவர் கேட்கவில்லை.

இப்போது நிலக்ஷனாவுக்கு மொனராகலையில் வேலை. அங்கே மைதானங்கள் அகன்றவை, தட்டையானவை. வெளியே போன பந்து சற்று உருண்டு தானாகவே நின்றுவிடுகிறது. அப்படி நிற்கும்போதெல்லாம், பனிக்குள்ளிருந்து முதலில் கூடையும் பிறகு தலையுமாக மேலேறி வரும் ஓர் உருவத்தை அவள் கண்கள் தேடுகின்றன.

அங்கே இடமாற்றம் கிடைத்ததும் அவள் விடைபெறப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பள்ளத்தின் விளிம்பில் மதலேனாவின் அருகே போய் நின்றாள்.

"அக்கா, அந்த வலை…"

மேலே "ஐயோ!" என்று குரல்கள் எழுந்தன. பந்து இருவரையும் தாண்டிப் பறந்தது.

"பனி எறங்குது. பஸ்ஸ விட்டுறாதீங்க மிஸ்," என்றார் மதலேனா. கூடைக் கயிற்றை நெற்றிக்கு மேல் ஏற்றிக்கொண்டார். இந்த முறை நின்று இறங்கவில்லை. விளிம்பில் உட்கார்ந்து, வலது காலை இரு கைகளாலும் தூக்கி முன்னே வைத்து, ஈரமண்ணில் சறுக்கிக்கொண்டே பந்துக்குப் பின்னால் போனார்.