சீட்டுக்கடியில் கிடந்த வெள்ளிக் கால்

பத்தாவதோடு படிப்பை விட்டு, காரைக்குடியில் வேன் ஓட்டுகிறவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவன் விசுவாசத்தைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த வெள்ளிக் கால் கையில் பட்ட சில்லிப்பு இன்னும் போகவில்லை. விரல் நீளம்தான் இருக்கும், மெல்லிய தகடு. வேளாங்கண்ணி போய்வந்த வேனைக் கழுவும்போது, கடைசி சீட்டுக்கடியில் முறுக்குத் தூளுக்கும் ஆரஞ்சுத் தோலுக்கும் நடுவே கிடந்தது.

அது மூட்டுவலிக்காக என் அத்தை நேர்ந்துகொண்ட காணிக்கை. வருடாவருடம் எங்கள் பங்குக் கோவிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு என் வேன்தான் போகும். வழிக்குப் புளியோதரை கட்டிக்கொடுப்பது அத்தை. கிளம்பும்போது, "இந்தத் தடவ நானும் வரட்டுமா?" என்று கேட்பார். பயணத்தை நடத்தும் தலைவர், "நீக ஏறி எறங்குறதுக்குள்ள பூசையே முடிஞ்சிரும் அத்தாச்சி. வீட்டுல இருந்தே செபிங்க" என்பார். வேன் முழுக்கச் சிரிக்கும். பிறகு செபமாலை தொடங்கும்.

அந்த வருடம் அத்தை காணிக்கையைத் தலைவர் கையில்தான் கொடுத்தனுப்பினார். போய் இறங்கியதும் ஏசி அறை யாருக்கு என்று சண்டை. அப்புறம் கடல், மீன் வறுவல், போட்டோ. பூசைக்குப் பாதிப் பேர் வரவில்லை. திரும்பியதும் அத்தை காணிக்கையைத்தான் கேட்டார். "மாதா பீடத்துலயே வச்சு மந்திரிச்சாச்சு" என்றார் தலைவர், நெற்றியில் சிலுவை போட்டபடி. அத்தை அழுதுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் வேனைக் கழுவினேன். சீட்டில் யாரோ எடுத்த வாந்தியை அள்ளிவிட்டுக் குனிந்தபோதுதான் அந்த வெள்ளிக் கால் கண்ணில் பட்டது.

அதைத் துடைத்து அத்தை கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் போகாட்டி என்ன, என் காலு அங்குட்டுப் போயிக் கடலப் பாத்துட்டு வந்துருச்சே" என்று சிரித்தார். சாயங்காலம் புளியோதரைத் தூக்கைத் திருப்பித் தர வந்த தலைவரிடம், "அடுத்த வருசம் நீகளே கிண்டிக்கிருங்க தம்பி" என்றார். அத்தை மடியிலிருந்த வெள்ளிக் காலைப் பார்த்த தலைவர் தூக்கை வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

அத்தை இப்போது இல்லை. வேன் இன்னும் போகிறது, அதே செபமாலை, அதே சண்டை. வீட்டில் எப்படி இருந்தார்களோ அப்படியே ஏறுகிறார்கள், அப்படியே இறங்குகிறார்கள். நடுவில் ஊர் மட்டும் மாறுகிறது. அதைத் திருப்பயணம் என்று சொல்லக் கேட்டால் வாய் கசக்கிறது. கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

அன்று தூக்கு திரும்பி வந்த மறுநாள் காலை அத்தை வெள்ளிக் காலை முந்தானையில் முடிந்துகொண்டு, என் தோளைப் பிடித்து, வேளாங்கண்ணிக்குப் போக நாகப்பட்டினம் பஸ்ஸில் ஏறினார். அவர் உட்காரும்வரை கண்டக்டர் விசில் ஊதவில்லை.