சின்ன வீட்டில் ஒரே கட்டில்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இத்தோடு வேறு வேலை பார்க்கப் போகலாம். இது நடந்தது. காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், அறுபத்தெட்டாம் வருஷத்து நவராத்திரியில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளே சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அதனால்தான் நான் நம்பினேன்.

அவள் பெயர் காந்தா. செவிலிமேட்டுப் பெண். பட்டு நெசவு செய்யும் சபாபதிக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டாள். மூத்தவள் தேவகி காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் நல்லவன், அடிக்கிறவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. ஆனால் அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அதில் தேவகி இருந்தாள். ரசம் வைத்தால் தேவகி ரசம், கோலம் போட்டால் தேவகி கோலம். செத்தவளோடு போட்டி போட்டு யார் ஜெயிக்க முடியும்? காந்தாவுக்கு வயிறு எரிந்தது.

நவராத்திரி நெருங்கியபோது அந்த எரிச்சல் இன்னும் ஏறியது. தேவகி வருஷா வருஷம் கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு வைப்பாளாம். கடையில் வாங்கியது எதுவும் கிடையாது. வீட்டில் தூக்கி எறியும் சாமான்களை வைத்தே செய்வாளாம். தெருவே வந்து குந்திக்கொண்டு பார்க்குமாம். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அந்தச் சின்ன வீடு பரண்மேல் இருக்கும் தகரப்பெட்டிக்குள் பத்திரமாக இருப்பதாகத் தெருவில் பேச்சு. பெட்டிச் சாவி சபாபதியின் அரைஞாணில் தொங்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் காந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அந்தப் பெட்டியத் தொறக்கக் கூடாது. நானே கட்டுறேன்" என்று சொல்லிவிட்டாள். சபாபதி தலையை ஆட்டினான்.

சும்மா சொல்லக்கூடாது, காந்தாவுக்கும் கைவேலை உண்டு. பழைய காலண்டர் அட்டையில் சுவர் எழுப்பினாள். தீப்பெட்டி கட்டிலாயிற்று, அதன்மேல் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை. சோடா மூடிகள் தட்டுகள். கெட்டுப்போன டார்ச் பல்பு கூடத்து விளக்கு. சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாள் நிலைக்கண்ணாடி. கூடத்தில் குழி வைத்து ஈர்க்குச்சியால் ஒரு தறி கட்டினாள். நிஜத் தறியில் பாவு நூல் அச்சின் பற்களுக்குள் நுழைந்து வரும். இங்கே பல் உடைந்த சீப்பே அச்சு. தறியில் உட்கார ஒரு ஆண் பொம்மை, பக்கத்தில் நூல் சுற்ற ஒரு பெண் பொம்மை. பட்டுத்துண்டு கட்டிய துணிப் பொம்மைகள். அவன் சபாபதி, இவள் காந்தா. அந்த வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

கொலு வைத்த முதல் நாள் தெருப் பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், நல்லாயிருக்குது என்றார்கள். ரேணுகாம்பாள் மட்டும் குனிந்து சமையல் கட்டைப் பார்த்தாள்.

"இந்த அம்மி தேவகி செஞ்சதாச்சேமா. பலப்பத்துல குழவி வெக்கிறது அவதான்."

காந்தா பார்த்தாள். சிலேட்டு உடைசலில் ஒரு அம்மி, மேலே பலப்பத்துண்டில் குழவி. அவள் அதைச் செய்யவில்லை. எடுத்துப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. அடியில் மணல் ஒட்டியிருந்தது.

அவளுக்குப் பேய் ஞாபகமே வரவில்லை. புருஷன் ஞாபகம்தான் வந்தது. பரண் ஏறியிருக்கிறான். எனக்குத் தெரியாமல் பெட்டியைத் திறந்திருக்கிறான். அவள் செத்தும் விடமாட்டேன் என்கிறான்! அம்மியை வாசல் சாக்கடையில் எறிந்தாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் தன் வாயால் தேவகி பெயரைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் அம்மி அதே இடத்தில் இருந்தது. கழுவி வைத்தாற்போல் சுத்தமாக. பக்கத்தில் புதிதாக ஒரு குடம். புளியங்கொட்டையைக் குடைந்து செய்த குடம். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்...

அதையும் எறிந்தாள். அதுவும் வந்தது.

ஆயுதபூஜை அன்று தறிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, சபாபதி மத்தியானம் கோயிலுக்குப் போனான். அன்றைக்கு யாரும் தறியில் காலை வைக்க மாட்டார்கள். வருஷம் பூராவும் லொடலொடக்கும் பிள்ளையார்பாளையம் அன்றைக்கு மட்டும் வாயடைத்துக் கிடக்கும். காந்தா அடுக்களையில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

டக்... டக்...

கரண்டியை நிறுத்தினாள்.

டக்... டக்... டக்...

தறிச் சத்தம். ஆனால் மிகவும் சின்னதாக. சுவரில் பல்லி கொட்டுகிற அளவுக்கு. வீட்டுத் தறியை எட்டிப் பார்த்தாள். வைத்த பூ வைத்தபடி இருந்தது. தெருவிலும் சத்தம் இல்லை.

சத்தம் கொலுவிலிருந்து வந்தது.

கிட்டே போனாள். நின்றுவிட்டது.

சின்னத் தறியில் அவள் வெறுமனே நூலைத்தான் கட்டியிருந்தாள். இப்போது அதில் நகக்கண் அகலத்துக்குத் துணி நெய்திருந்தது.

தறியில் ஆண் பொம்மை. அதன் பக்கத்தில் ஒரு பெண் பொம்மை. பச்சைப் பட்டு, ஜரிகை இழையில் மூக்குத்தி. தலைமுடி நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

காந்தா செய்த பொம்மை... சின்ன வீட்டு வாசலுக்கு வெளியே கிடந்தது.

அந்த இடத்தில் நீங்களும் நானும் ஓடியிருப்போம். அவள் ஓடவில்லை. அவளுக்குப் பொறாமை தலைக்கேறிவிட்டது. கொலு முடிந்தால் விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். படுக்க வைத்தால் தூங்கிப் போயிற்று என்று அர்த்தம், அதோடு கொலு முடிந்தது. அதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. காந்தா காத்திருக்கவில்லை.

பச்சைப் பட்டுக்காரியைப் பிடித்துத் தூக்கினாள். தீப்பெட்டிக் கட்டிலில் மல்லாக்கப் போட்டாள்.

"தூங்குடி. உன் கொலு முடிஞ்சுபோச்சு" என்றாள்.

தன் பொம்மையை எடுத்துத் துடைத்து, புருஷன் பக்கத்தில் உட்கார வைத்தாள். சத்தம் அதற்குப் பிறகு வரவில்லை. சாயங்காலம் வந்தவர்களுக்குச் சிரித்த முகத்தோடு வெற்றிலை பாக்குக் கொடுத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாளாம்.

அந்த வீட்டில் அவள் செய்து வைத்தது ஒரே கட்டில் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

விடிந்ததும் கொலுவைப் பார்த்தாள்.

தறி காலி.

அவள் பொம்மை தறிக்குழிக்குள் முகம் குப்புறக் கிடந்தது.

கட்டிலில் பச்சைப் பட்டுக்காரி. அவள் கையில் தலை வைத்து... ஆண் பொம்மை.

"ஏங்க..."

சபாபதி பாயில் படுத்திருந்தான். அசைவில்லை.

உலுக்கினாள். உடம்பு சில்லென்றிருந்தது. அவள் கொலுவுக்கு ஓடினாள். ஆண் பொம்மையைக் கட்டிலிலிருந்து பிடுங்கினாள். சுலபத்தில் வரவில்லை. யாரோ அந்தப் பக்கம் விடாமல் பிடித்திருப்பதுபோல் இருந்ததாம். முண்டி இழுத்தாள். வந்தது.

பாயில் சபாபதி பெரிதாக மூச்சு வாங்கினான். கண் திறக்காமலே சொன்னான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமே, தேவகி."

காந்தா பெட்டிச் சாவியை அவன் இடுப்பிலிருந்து அறுத்தெடுத்தாள். பரண்மேல் ஏறினாள். சிலேட்டு அம்மியும் புளியங்கொட்டைக் குடமும் இந்தப் பெட்டியிலிருந்துதானே வந்தன? இருக்கிற மிச்சத்தையும் அடுப்பில் போட்டுவிடலாம் என்று திறந்தாள். உள்ளே நாலு பழம்புடவைகள், ஒரு குங்குமச் சிமிழ். வேறு ஒன்றும் இல்லை.

"அந்த வீடு எங்க?" என்று கேட்டாள்.

அவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"அது எங்க இருக்குது இங்க? பால் தெளிச்ச அன்னிக்கே எடுத்துக்கினு போய்ட்டேனேமா. ஓரிக்கையாண்ட, அவளை எரிச்ச எடத்துல, பாலாத்து மணல்ல ஆழமாத் தோண்டி நானே பொதைச்சேன். பொம்மைங்களோட."

சொல்லிவிட்டுக் குனிந்து தன் காலைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

ராத்திரி முழுக்க வாசல் கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடிதான் இருந்தது. அவன் முழங்கால் வரைக்கும் ஈர மணல்.

காந்தா இன்றும் வருஷம் தவறாமல் கொலு வைக்கிறாள். சின்ன வீட்டையும் வைக்கிறாள். விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. ராத்திரியானால் ஆண் பொம்மையின் கையையும் தன் பொம்மையின் கையையும் ஜரிகை இழையால் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் படுக்கப் போவாள்.

காலையில் பார்த்தால் இழை அறுந்திருக்காது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து வைத்திருப்பார்கள்.