மாப்பிள்ளைக்கு ஆர் தண்ணீர் கொடுப்பது

காலையில் வார்டுக்குள் கால் வைத்ததும் இன்டர்ன் டொக்டர் ஓடி வந்தார்.

"சேர், அஞ்சாம் கட்டில் டெங்கு பேஷன்ட், குடிச்சதை விடக் கூடுதலாச் சலம் போயிருக்கார்."

நாங்கள் அளந்துதான் கொடுக்கிறோம். வாயால் போவதும் சேலைனில் போவதும், சிறுநீராய் வெளியேறுவதும் மணிக்கு மணி சார்ட்டில் ஏறுகிறது. ஆகவே ஒன்று மட்டக்களப்பு வாவி அந்த மனிதருக்குள் ஊற்றெடுத்திருக்க வேண்டும், அல்லது யாரோ கள்ளமாகப் பருக்கியிருக்க வேண்டும். இரண்டாவதைத்தான் நான் முதலில் சந்தேகித்தேன்.

வாசிப்பவர்கள் எல்லோரும் டொக்டர்மார் அல்லர், அதனால் சொல்லிவிடுகிறேன். டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் கண்டம். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். குறைத்துக் கொடுத்தால் பிரஷர் விழும். கூடுதலாகக் கொடுத்தால் கசிந்த நீர் நெஞ்சுக்குள் தேங்கி மூச்சு முட்டும். அந்த ஓரிரு நாள் நோயாளியின் உயிர் எங்கள் அளவுக் கோப்பையில் இருக்கிறது.

நோயாளியின் பெயர் ஜெயந்தன். பெரியகல்லாற்றுப் பிள்ளை, களுதாவளையில் கலியாணம் முடித்தவர். எங்கள் பகுதியில் மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான் போய் இருப்பார். நல்ல வழக்கம்தான், மாப்பிள்ளைக்கு நோய் வரும்வரை. வந்துவிட்டால் பெண் வீட்டார் அவரை ஒழுங்காகப் பார்த்தார்களா என்று ஒரு விசாரணை தொடங்கிவிடும். தாய் வீட்டார் விசாரிக்க வருவார்கள். பெண் வீட்டார் நிரூபிக்க வருவார்கள். இரு பகுதியும் கையில் பையோடுதான் வரும்.

பார்வையாளர் நேரத்தில் நானே போய் நின்றேன். தாய் கட்டிலின் வலது பக்கம், மாமியார் இடது பக்கம். தாயின் பையில் செவ்விளநீர். மாமியாரின் பிளாஸ்கில் பப்பாசி இலைச் சாறு, கூடவே கஞ்சி. ஒருவர் பருக்கினால் மற்றவர் பொறுக்கமாட்டார். ஜெயந்தன் மரியாதையான பிள்ளை. இரண்டு பக்கமும் வாயைத் திறந்திருக்கிறார்.

"எங்கட ஊரில நுளம்பே இல்ல டொக்டர். போன இடத்திலதான் புள்ளைக்கு இது தொத்தினது" என்றார் தாய்.

"மருமகன் போன கிழமை ஆரு வீட்டில நிண்டவர் எண்டு கேளுங்க டொக்டர்" என்றார் மாமியார், என்னைப் பார்த்தபடியே.

கடித்த நுளம்பின் பூர்வீகத்தைப் பிறகு ஆராயலாம் என்று சொல்லி, கூடக் குடிப்பது ஆபத்து என்று விளக்கினேன். படம் கீறியும் காட்டினேன். தாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஜன்னலால் வெளியே கையைக் காட்டினார்.

"வெளிச் சுவரில நீங்கதானே எழுதிப் போட்டிருக்கிறீங்க, காய்ச்சலெண்டா நல்லாக் குடிக்கச் சொல்லி?"

போஸ்டர் சரி. வீட்டில் காய்ச்சலோடு இருப்பவருக்கு அது சரி. உள்ளே வந்து கண்டத்தில் கிடப்பவருக்கு நான் சொல்வது சரி. இந்த இரண்டையும் ஒரே சுவரில் எழுத எங்கள் திணைக்களத்துக்கு இன்னும் வசனம் அகப்படவில்லை.

பின்னேரம் ஜெயந்தனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நெஞ்சின் வலப்பக்கம் நீர். ஒட்சிசன் மாஸ்க் போட்டு, சேலைனை நிறுத்தி, சலம் போக மருந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஜெயந்தனின் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி, வரவேண்டாம் என்று நாங்கள்தான் வீட்டில் நிறுத்தியிருந்தோம். பாசத்தை ஊற்றி ஊற்றியே ஒரு தகப்பனை மூழ்கடிக்கப் போகிறார்கள் என்று ஆத்திரமும் வந்தது.

இருவரையும் வெளியே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் மாமா வருவார், சித்தி வருவார், அவர்களுக்கும் பை இருக்கும். அதனால் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டேன்.

தாயிடம் சொன்னேன்: "அம்மா, சம்பந்தி வீட்டாக்கள் ஒரு சொட்டும் கூடக் குடுக்காமப் பாக்கிறது உங்கட பொறுப்பு."

மாமியாரிடம் அதையே மறுவளமாகச் சொன்னேன்.

அதன் பிறகு அந்தக் கட்டிலில் நடந்த கண்காணிப்பை எந்தத் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் நான் கண்டதில்லை. தாய் முந்தானையால் மகனின் உதட்டைத் துடைத்தாலும், அது ஈரமா காய்ந்ததா என்று மாமியார் தொட்டுப் பார்த்தார். மாமியார் பிளாஸ்கின் மூடியைத் திருகினால் தாய் எழும்பி நின்றார். நேர்ஸ் அளவுக் கோப்பையோடு வந்தபோது இருவரும் சேர்ந்தே குனிந்து கோட்டைப் பார்த்தார்கள்.

"மிஸ், கோட்டுக்கு மேல நிக்குது" என்றார் மாமியார்.

"ஓம், கொஞ்சம் கூடத்தான்" என்றார் தாய். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒன்றில் மட்டும்தான்.

விடியும்போது மூச்சு வாங்குவது தணிந்தது. மறுநாள் கண்டம் கழிந்தது. இப்போது என்னிடம் டெங்கு நோயாளி வந்தால் இரத்தம் எடுக்க அனுப்பும்போதே, கலியாணம் முடித்தவரா, எந்த வீட்டில் இருக்கிறார் என்றும் கேட்கிறேன். இளம் டொக்டர்மார் சிரிக்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இல்லைதான், கேட்டு வையுங்கள்.

"தம்பி, இனி விரும்பினபடி குடிக்கலாம்" என்று கண்டம் கழிந்த அன்று ஜெயந்தனிடம் நானே போய்ச் சொன்னேன். தாயும் மாமியாரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கோப்பையை நீட்டினார்கள். அவர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டொக்டர், நீங்களே ஊத்தித் தாங்க. ஆர்ர கையால முதல் குடிச்சனான் எண்டு நான் சாகுமட்டும் கேப்பாங்க."